சித்திரை ஒழுங்கைக்குத் திரும்பட்டும்

(திருகோணமலையில் சனசமூக நிலையமொன்றில், புத்தாண்டுக்கு முந்திய கிழமை ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது. மார்கழியில் இரைந்துகொண்டு கிடந்த கடல் இப்போது டச்சுக் குடாவில் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கிறது. கரைவலைக்காரருக்கு இனித்தான் காலம். வைகாசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வாசலில் நிற்க முடியாது. நடுவில் கிடைக்கிற இந்தச் சில கிழமைகள்தான் நமக்கு இளவேனில்.

இதை எப்படிச் செலவழிக்கிறோம்? புத்தாண்டு விழா என்று பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, ஒலிபெருக்கி கட்டி, அதிதிகளுக்காகக் காத்திருக்கிறோம். போன சித்திரையில் ஒரு விளையாட்டு விழாவில் பார்த்தேன். சாக்கோட்டத்துக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளை, வெயில் தாங்காமல் அந்தச் சாக்கையே தலையில் போர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றது. மேடையில் பேச்சு முடிந்து விசில் ஊதும்போது, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு "வீட்ட போவம்" என்றது. அந்தக் குரல் இன்னும் என் காதில் நிற்கிறது.

நம் ஊர் விழாக்கள் தெருவில் பிறந்தவை. 1622இல் சித்திரைப் புத்தாண்டன்று, கோணேசர் நகர்வலம் போயிருந்த நேரம் பார்த்துப் போர்த்துக்கேயர் கோயிலுக்குள் புகுந்தார்கள் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது: புத்தாண்டு நாளில் ஊர்ச்சனம் முழுக்கச் சுவாமியோடு வீதியில் நின்றது. கிழக்கின் வசந்தன் கூத்தை எடுங்கள். பெயரிலேயே வசந்தம். கோல் அடித்துச் சோடி சோடியாக வட்டத்தில் ஆடுவார்கள். அதற்கு ஒரு முற்றம் போதும். கண்ணகையம்மனுக்காகக் கொம்பு முறிக்கும்போது வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு கொம்புகளில் ஒன்று முறியும்வரை இழுக்கும். சும்மா நின்று பார்க்க அங்கே யாரையும் விடமாட்டார்கள்.

கிளித்தட்டு விளையாட்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கிருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் ஆடியதில்லை. மண்ணில் சாம்பலால் கோடு போடுவோம். குறுக்குக் கோடுகளில் மறித்து நிற்பவர் தம் கோட்டை விட்டு அசையக்கூடாது. மறிக்கும் கட்சியில் கிளி என்று பெயர் பெற்றவர் மட்டும் நடுக்கோடு நெடுக ஓடி வரலாம். மற்றக் கட்சிக்காரர் முன்னால் மறிப்பவரையும் பக்கத்தால் வரும் கிளியையும் ஒரே நேரத்தில் ஏய்த்துப் பெட்டி பெட்டியாகக் கடக்கவேண்டும். காசு செலவில்லை. ஆறு வயதுப் பிள்ளையும் பாவாடையைத் தூக்கிச் செருகிய அக்காவும் ஒரே கட்சியில் ஆடலாம்.

ஆகவே என் கேட்பு இதுதான். விழாவைப் பெரிய மைதானத்தில் ஒரு நாளோடு முடிக்காமல், உவர்மலை, மட்டிக்களி, பாலையூற்று, திருக்கடலூர் என்று ஊரெங்கும் ஒவ்வொரு ஒழுங்கைக்கும், அதாவது ஒவ்வொரு சின்னத் தெருவுக்கும், ஒரு பின்னேரம் கொடுங்கள். வெயில் சாய்ந்து, சமையல் முடிந்து, பெண்கள் வெளியே வரக்கூடிய நேரமாக இருக்கட்டும். முட்டிப் பானை உடைப்பதும், கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைப்பதும், தலையணைச் சண்டையும் சிங்கள அயலவர்களுக்கும் புத்தாண்டு விளையாட்டுத்தான். அவர்களையும் முஸ்லிம் அயலவர்களையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவோம். அடுத்த மாதம் பௌத்தரின் வெசாக் பண்டிகைக்கு வெளிச்சக்கூடு கட்டச் சிங்கள அயலவர்கள் கூப்பிட்டால் நம் பிள்ளைகள் மூங்கில் சீவப் போகட்டும்.

எங்கள் ஒழுங்கையில் வருசப்பிறப்புக்கு அடுத்த நாள், நாலரை மணிக்குக் கோடு போடுகிறோம். சாம்பல் இருக்கிறது, பானை இரண்டு இருக்கிறது. கிளியாக ஓட இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பின்வரிசையில் இருக்கிற தம்பிமார் யாராவது கை உயர்த்துங்கள்.