அணையாடையும் அலசும் தண்ணீரும்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். கைக்குழந்தைக்குக் கட்டும் துணியைத் துவைப்பதைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் மனையியல் கற்பித்தவள் நான். என் பிள்ளைகள் இருவரையும் துணி கட்டித்தான் வளர்த்தேன். அப்படியிருந்தும், அந்தத் துணியைச் சரியாகத் துவைக்க நான் கற்றுக்கொண்டது பேத்தி பிறந்த பிறகுதான் என்பதே அவர்களுக்கு நான் சொன்ன பதில்.

அணையாடை என்று இதற்குத் தமிழில் ஓர் அழகான சொல் இருக்கிறது. வீட்டில் நாம் மூத்திரத்துணி என்போம். கடைக்காரர் நாப்பி என்பார். எங்கள் வீட்டில் அது என் மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டி. கரையை நீக்கிவிட்டு, இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் ஒரு வேட்டியில் பன்னிரண்டு துண்டுகள் வரை கிடைக்கும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துணி மாற்ற வேண்டியிருப்பதால், வெயில் காலத்துக்கு இரண்டு வேட்டியும், மழைக் காலத்துக்கு மூன்று வேட்டியும் வேண்டும்.

பேத்திக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது தொடையிடுக்கிலும் பின்புறத்திலும் தோல் சிவந்துவிட்டது. "அத்தை, துணியை விட்டுவிட்டு டயப்பருக்கே மாறிவிடலாமா?" என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. துணி சுத்தமாகவில்லை போலும் என்று எண்ணி, சோப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கடைசித் தண்ணீரில் கிருமிநாசினித் திரவத்தையும் ஒரு மூடி ஊற்றினேன். சிவப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு நாள் காலையில், துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருந்த துணி ஒன்று தவறிப்போய் வெறும் தண்ணீர் வாளியில் விழுந்தது. எடுத்துப் பிழிந்தபோது வாளி முழுவதும் நுரை. நான்கு நாட்களாக நான் தேய்த்த சோப்பு துணியை விட்டுப் போகவே இல்லை.

இதன் காரணத்தைச் சற்று விளக்குகிறேன். சிறுநீரில் யூரியா இருக்கிறது. துணியில் தங்கியுள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. விடியற்காலையில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதுதான். அம்மோனியா காரத்தன்மை உடையது. காரம் கூடும்போது மலத்தில் உள்ள செரிமான நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கத் தொடங்குகின்றன. கட்டிச் சோப்பும் காரந்தான். ஆகவே சோப்பு தங்கிய துணியில் குழந்தை சிறுநீர் கழித்தால், மென்மையான தோலின்மேல் இரண்டு காரங்கள் சேர்ந்து உட்காருகின்றன. மேலாக ஊற்றிய கிருமிநாசினியும் எரிச்சலுக்குத் துணை போயிற்று. குழந்தைத் துணிக்கு அது தேவையே இல்லை.

சோப்பு ஏன் போகவில்லை என்பதற்கு விடை எங்கள் போர் தண்ணீரில் இருந்தது. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலோரத் தெருக்களில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் கட்டிச் சோப்புடன் சேர்ந்தால், தயிர்த்திரி போன்ற வெள்ளைப் படிவு உண்டாகிறது. அந்தப் படிவு தண்ணீரில் கரையாது. நூலிழைகளுக்கிடையே ஒட்டிக்கொள்ளும், துணியை விறைப்பாக்கும், சிறுநீரின் நெடியையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று நாம் மேலும் சோப்பைத் தேய்க்கிறோம். படிவும் அவ்வாறே கூடுகிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய, ஒரு பாட்டிலில் பாதியளவு தண்ணீரும் கொஞ்சம் சீவிய குளியல் சோப்பும் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை எழும்பி நின்றால் மென்னீர். நுரையில்லாமல் பால்போல் கலங்கித் திரிதிரியாக மிதந்தால் கடினநீர்.

அன்று முதல் எங்கள் வீட்டில் முறை மாறியது. துணி நனைந்த உடனே பச்சைத் தண்ணீரில் ஒரு முறை அலசி, மூடியுள்ள வாளியில் போட்டுவிடுகிறோம். மலமாக இருந்தால் அதைக் கழிப்பறையில் தள்ளிய பிறகே துணியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். பச்சைக் குழந்தையின் மலத்தில் அருவருப்பு இல்லை என்று கிணற்றடியிலும் வாய்க்காலிலும் அலசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நோய்க்கிருமிகள் குழந்தையின் மலத்திலும் உண்டு, கையையும் சோப்பிட்டுக் கழுவத்தான் வேண்டும். முதலிலேயே வெந்நீர் ஊற்றக் கூடாது. சூடு பட்டால் மலத்தில் உள்ள புரதம் இறுகிக் கறையாக நின்றுவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை கறை தண்ணீரிலேயே கரைந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பின் சோறும் பருப்பும் தொடங்கியதும் சற்று நேரம் ஊறவைக்க நேரும்.

நாள் முழுவதும் சேர்ந்த துணியை ஒரே முறையாக வெந்நீரில் துவைக்கிறோம். கட்டிச் சோப்பை விட்டுவிட்டுச் சலவைத் தூளுக்கு மாறினோம். அது கடினநீரில் அப்படிப்பட்ட படிவை உண்டாக்குவதில்லை. தூள் போடுவதற்கு முன் ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துவிட்டால் தண்ணீரின் கடினம் குறையும், தூளும் குறைவாகவே பிடிக்கும். அதன் பிறகு வருவதுதான் முதன்மையான வேலை. சோடாவும் காரம் ஆதலால், பிழிந்து பிழிந்து மூன்று, நான்கு தண்ணீரில் அலச வேண்டும். கடைசித் தண்ணீரில் நுரையோ வழுவழுப்போ இருந்தால் இன்னுமொரு வாளி. குழாயில் வரும் குடிநீர் உங்கள் போர் தண்ணீரைவிட மென்மையாக இருந்தால், அந்த ஒரு கடைசி வாளிக்கு மட்டும் அதைச் செலவிடலாம். ஒரு வாரம் இப்படிச் செய்ததும் துணி பழையபடி மெத்தென்று ஆயிற்று; பேத்தியின் சிவப்பும் வடிந்தது.

ஆனால் எல்லாச் சிவப்பும் சோப்பால் வருவதன்று. மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாகப் படர்ந்து, ஓரத்தில் சிறு சிறு புள்ளிகள் தெறித்தாற்போல் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த நாட்களில் பருத்தித் துணியைக் கொதிக்கவிட்டும் எடுங்கள்.

சலவைக்குப் பின் துணியை மணக்க வைக்கும் மென்மையூட்டிகள் வேண்டாம். அவை இழைமேல் மெழுகுபோல் பூசிக்கொண்டு உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெயும் களிம்புகளும் அதையே செய்யும். அவற்றைத் தடவிய நாளில் உள்ளே ஒரு மெல்லிய கிழிசல் துணியை வைத்துக் கட்டலாம். துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; உறிஞ்சாமல் முத்துப்போல் நின்றால் பூச்சு ஏறிவிட்டது என்று பொருள். கடையில் வாங்கும் பித்தான் வைத்த நாப்பியின் வெளியுறையைக் கொதிக்கவிடவோ இஸ்திரி போடவோ கூடாது. நீர் கசியாத அந்தப் பூச்சும் எலாஸ்டிக்கும் சூடு தாங்காதவை. என் கருத்தைக் கேட்டால், பல அடுக்காகத் தைத்த நாப்பியைவிட ஒற்றை அடுக்கு வேட்டித்துண்டே நம் ஊருக்குப் பொருத்தம். கட்டும்போது மடித்து அடுக்காக்கலாம். துவைக்கும்போது பிரித்துவிட்டால் அழுக்கு எங்கும் ஒளிந்துகொள்ளாது. சித்திரை வெயிலில் விரைவாகக் காய்ந்தும் விடும். மஞ்சள் கறையை அந்த வெயிலே வெளுத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகைதான் சோதனை. அலசுவதற்கு மழைநீரைவிட மென்மையான தண்ணீர் கிடையாது. மொட்டை மாடியில் பெய்வதை முதல் மழை கழித்துப் பிடித்து வைத்தால் அமிர்தம். ஆனால் காயவைக்க வெயில் இருக்காது. மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி இடைவெளி விட்டு உலர்த்தி, மிஞ்சிய ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்கலாம். சாம்பிராணிப் புகையில் துணியைக் கவிழ்த்துக் காயவைக்கும் பழக்கத்தை, என் மாமியார் என்னை மன்னிக்கட்டும், நான் விட்டுவிட்டேன். குழந்தையின் மூச்சுக்குழலுக்குப் புகை ஆகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபின் கடலூரில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகேதான் கரையேறியது. மோட்டார் ஓடாத அத்தகைய நாட்களில், குறைத் தண்ணீரில் அரைகுறையாக அலசிய துணியைக் கட்டுவதைவிட டயப்பர் போடுவதே நல்லது. அதற்காக எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. பழைய வேட்டி, புடவைகளை நாம் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்போம். நாஃப்தலின் கொண்ட அந்த உருண்டையின் ஆவி துணியில் ஏறிவிடும். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்தத் துணியைப் போர்த்தினாலோ கட்டினாலோ இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டு என்பது பார்த்தால் தெரியாது. எனவே குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் பாச்சை உருண்டையே வேண்டாம்; நன்றாகக் காயவைத்து மூடியிட்ட பெட்டியில் வைத்தாலே போதும்.

தை மாதம் என் மகளுக்குப் பேறுகாலம். மாமனாரின் வேட்டிகளில் மிச்சம் இருந்த இரண்டைச் சென்ற வாரம் பெட்டியிலிருந்து எடுத்தேன். பாச்சை உருண்டை வாடை வீசியது. அவற்றைக் கிழிக்காமல் தரை துடைக்க வைத்துவிட்டு, பேத்தி கட்டிப் பழகிய துணிகளையே மறுபடியும் வெந்நீரில் துவைத்து மாடிக் கொடியில் போட்டிருக்கிறேன். வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.