ஏக்கம் ருசிக்குத்தான்

நடுவர் ஐயா அவர்களே, என் அணி நண்பர்களே, எதிரே உட்கார்ந்து எல்லாரையும் கலங்கடித்த எதிரணியினரே, இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

புலம்பெயர்ந்தவர்கள் ஏங்குவது ஊர்ச் சாப்பாட்டின் ருசிக்கா, அதோடு ஒட்டிய நினைவுக்கா என்பது தலைப்பு. நாங்கள் ருசியின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய அக்கா அம்மாவின் கை, அடுப்படிப் புகை, முற்றத்து மாமரம் என்று அடுக்க அடுக்க முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அக்கா, அழவைத்துவிட்டால் வழக்கு வென்றதாகுமா?

அம்மாவின் கை என்றீர்கள். சரி. அந்தக் கையையே விமானத்தில் ஏற்றி அனுப்பிப் பார்த்தவன் நான். போன வருஷம் எங்கள் அம்மா ஆறு மாதம் தம்பியோடு இருக்கக் கனடாவில் ஸ்காபரோவுக்குப் போனார். இறங்கிய மறுநாளே இடியப்பமும் சொதியும். அதே கை, அதே அளவு, பக்கத்தில் நின்று பரிமாறியதும் அதே அம்மா. தம்பி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஊர்ச் சொதி மாதிரி இல்லை" என்றானாம். அம்மாவுக்கு வந்ததே கோபம். எனக்கு போன் எடுத்தார். அவனைத் திட்டுவார் என்று பார்த்தால், "அவன் சொன்னது சரிதான் தம்பி. உப்பு, தேசிக்காய் எல்லாம் அளவாத்தான் போட்டனான். பால்தான் பொய்" என்றார்.

சொதி வைக்கிறவர்களுக்கு இது விளங்கும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தேங்காயின் தண்ணிப் பாலான கப்பிப் பாலில் அவியவிட்டு, கடைசியில் முதற்பாலை விட்டு, கொதி கிளம்பும் முன் இறக்க வேண்டும். கொஞ்சம் கண் தப்பினால் திரைந்துவிடும். இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப் புளி. அந்த அடுப்படியில் நிற்பதே ஒரு காவல் வேலை. தகரப் பேணியில் வரும் தேங்காய்ப் பாலுக்கு அந்தக் காவல் வேண்டியதில்லை. அநேகமான பேணிகளில் பால் பிரியாமலிருக்கக் குவார் பசை போன்ற ஏதாவது சேர்த்திருப்பார்கள், லேபலைத் திருப்பிப் பாருங்கள். கெடாமலிருக்க அதிகச் சூட்டில் வைத்தெடுப்பதால் பச்சைத் தேங்காயின் மணமும் பாதி போய்விடும். ஸ்காபரோவுக்குக் கை போனது, பாசம் போனது, எதிரணி சொல்லும் நினைவு முழுக்கப் போனது. முதற்பால் போகவில்லை. தம்பியின் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில் எல்லாம் கிடைக்கிறது, அப்படியிருந்தும் பாரிஸ் தமிழர் ஏங்குகிறார்களே, அப்போ அது நினைவுதானே என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மீன் கிடைக்கிறது, உண்மை. உறையவைத்த மீன். உறையும்போது தசைக்குள் இருக்கிற தண்ணீர் ஊசி ஊசியாகக் கட்டியாகி உள்ளே கிழித்துவிடும். உருகவிட்டால் தண்ணீராகக் கொட்டி, சதை சவசவத்துப் போகும். விலைச்சீட்டில் எழுதியிருப்பது நம்முடைய மீனின் பெயர், சட்டிக்குள் கிடப்பது வேறு சாமான். அதே பாரிஸில் என் மச்சான் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலுக்கு ஏங்கி நான் பார்த்ததே இல்லை. காய்ந்த சாமான், பெட்டிக்குள் கிடந்தாலும் ருசி மாறாது. மாசாமாசம் நான் அனுப்புகிறேன், அவர் கடித்து மென்றுகொண்டு டீவி பார்க்கிறார். ஏக்கமும் இல்லை, கண்ணீரும் இல்லை.

இன்னும் ஒன்று. என் தங்கச்சியின் மகன், பதினொரு வயது, பாரிஸில் பிறந்த பெடியன். அந்த நாட்டுப் பகெத் பாண் சுடும் கைவினையை 2022 இல் யுனெஸ்கோவே மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன் விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்தான். பின்னேரம் மெட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் பாணும் பணிஸும் விற்கிற சூன் பாண் முச்சக்கரவண்டி வந்தது. ஒரு மீன் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு மூன்று வாரமும் நாலு மணிக்கே கேற்றடியில் நின்றான். திரும்பிப் போயும் போனில் முதல் கேள்வி, "மாமா, பணிஸ் அனுப்பேலாதா?" அந்தப் பிள்ளைக்கு எந்த முற்றத்து மாமரம் ஞாபகம் வந்தது? விடுமுறை நினைவு என்பீர்கள். அதே மூன்று வாரத்தில் அவனைத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் கூட்டிப் போனேன். இதுவரை யானை அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை.

மணம் மூளையில் நினைவைத் தட்டியெழுப்பும் என்று எதிரணியினர் விஞ்ஞானம் சொன்னார்கள். மறுக்கவில்லை. ஆனால் தட்டுவதற்கு முதலில் மணம் வந்து சேர வேண்டும்.

மணி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. தங்கச்சியின் கதையோடு முடிக்கிறேன். 2019 டிசெம்பர் 14 முதல் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகிற பயணி பழமோ மரக்கறியோ கொண்டுபோனால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே ஐந்துக்கு: அன்னாசி, தேங்காய், தூரியன், வாழை, பேரீச்சை. தூரியன் போகலாம் ஐயா! அந்த நாற்றத்துக்குக் கதவு திறப்பார்கள். பெயரிலேயே கொழும்பை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குக் கதவு இல்லை.

போன முறை அவள் புறப்பட்ட அன்று காலை யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு பெட்டி மாம்பழம் வந்து இறங்கியது. வீட்டில் சாப்பிட நேரமில்லை. கட்டுநாயக்காவில், உள்ளே போகும் வாசலுக்குப் பக்கத்தில், சாமான் வண்டியை மதிலோடு சாத்திவிட்டு, தோலைப் பல்லால் உரித்துச் சாப்பிட்டாள். சாறு முழங்கை வரை வழிந்தது. மகன் வெட்கத்தில் தள்ளிப்போய் நின்றான். "நினைவோடு போ, அதற்கு நிறையும் பார்க்க மாட்டார்கள், சான்றிதழும் கேட்க மாட்டார்கள்" என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை, வாய் வேலையாக இருந்தது. நாலாவது பழம் முடிந்த பிறகு கையைத் துடைத்துவிட்டு, நட்டுவை என்று கொட்டையை என்னிடம் நீட்டினாள். சூப்பிச் சூப்பி வெள்ளை வெளேரென்று இருந்தது.