அட்டை இருக்கு, தட்டு இல்லை

வணக்கம். வானொலியில் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஜாஸ் இசைத்தட்டுகளில் யாருடைய கண்ணிலும் படாமல் போனவற்றைப் பற்றிக் கதையுங்கள் என்றார்கள். நான்கு பேரைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், முதல் ஆளிலேயே நின்றுவிடுவேன்.

ஜாஸ் என்றதும் ரேடியோவை மூடப் போகிறவர்கள் இரண்டு நிமிடம் பொறுங்கள். கோயில் திருவிழாவில் தவில் சமா கேட்டவர்கள்தானே நீங்கள்? ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் அதைப் பிடித்து இரட்டிப்பாக்கித் திருப்பிக் கொடுக்க, விடியப்புறம் இரண்டு மணிக்கு மணலில் துண்டை விரித்து இருந்து தலையாட்டிய சனம்தானே நாங்கள்? தட்சிணாமூர்த்தியின் தவிலுக்கு வராத தூக்கம் ஜாஸுக்கு மட்டும் ஏன் வரவேண்டும்? ஒரு மெட்டை எடுத்து முதலில் ஒழுங்காக வாசித்துக் காட்டுவார்கள், பிறகு ஒவ்வொருவராக அதற்குள் போய்த் தங்கள் மனம்போல உலாவிவிட்டு வருவார்கள், கடைசியில் எல்லோருமாக மெட்டுக்கே திரும்பி வந்து முடிப்பார்கள். இவ்வளவு தெரிந்தால் இன்றைக்குப் போதும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததும் ரேடியோவால்தான். அறுபதுகளின் நடுப்பகுதி, கொழும்பில் வெள்ளவத்தை வீடு. அப்பாவுக்கு மாலையில் இலங்கை வானொலி, மயில்வாகனன் குரல் கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காது. அவர் படுத்த பிறகு நான் சிற்றலை வரிசையில் முள்ளைத் திருப்புவேன். அமெரிக்காவின் குரலில் வில்லிஸ் கொனோவர் என்று ஒருவர், 1955 இலிருந்து இரவில் ஜாஸ் போட்டவர். ஆங்கிலம் ஓரளவே தெரிந்த பிள்ளைக்கும் விளங்கும்படி அவ்வளவு ஆறுதலாகக் கதைப்பார். அலை வரும், போகும். வெளியே கடல் இரைச்சல், உள்ளே ரேடியோ இரைச்சல், இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சாக்ஸபோன். இன்றைக்கும் துல்லியமான ஒலியில் கேட்டால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரித்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1979. நான் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது தட்டு கிடக்கட்டும், தட்டுக்குரிய ஊசிகூடக் கிடைக்காது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு வழி இரண்டுதான். ஒன்று, அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பறங்கியர் வீடுகளில் விட்டுப்போன சாமான். மற்றது, போத்தல் பேப்பர்காரர். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் காதில் நிற்கும், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகக் கூவிக்கொண்டு போவார். எங்கள் பக்கம் வந்தவருக்கு நான் ஒரு நிரந்தர விண்ணப்பம் போட்டு வைத்திருந்தேன், வட்டமாக, கறுப்பாக எது கிடைத்தாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும் என்று.

ஒரு சனிக்கிழமை அவர் படியில் வந்து நின்று சாக்குக்குள் கையை விட்டு ஒரு இசைத்தட்டின் அட்டையை இழுத்தார். ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் கம்பனியின் அட்டை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஃப்ரெடி ஹப்பார்ட் என்ற ட்ரம்பெட் கலைஞரின் முதல் தட்டு, 1960 இல் பதிவானது, அப்போது அவருக்கு 22 வயது. தட்டின் பெயர் ஓப்பன் செசமி. எம்.ஜி.ஆரின் அலிபாபா பார்த்த எந்தத் தமிழனுக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை, திறந்திடு சீசேம். ஐந்து ரூபா கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். பேரம் பேசாதது பிழை, அந்த நேரமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு என்னிடம் எல்லாவற்றுக்கும் பத்து ரூபா.

கதவைச் சாத்திவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, கை கழுவித் துடைத்துவிட்டு, மெதுவாக உள்ளே இருந்ததை வெளியே எடுத்தேன். ஜிம் ரீவ்ஸ். கிறிஸ்மஸ் பாட்டு.

சிரிக்காதீர்கள். இந்த நகரத்தில் டிசம்பர் முதலாம் தேதியிலிருந்து காலி வீதி முழுக்க எந்தக் கடைக்குப் போனாலும் அந்த மனிதர்தான் பாடுகிறார், எனக்கு அவரை வீட்டுக்குள்ளும் அனுப்பி வைத்திருக்கிறார்கள். குகை திறந்தது, உள்ளே புதையலும் இல்லை, நாற்பது திருடர்களும் இல்லை, ஜிம் ரீவ்ஸ் இருக்கிறார்.

ஓடிப்போய் ஒழுங்கை முனையில் போத்தல் பேப்பர்காரரைப் பிடித்தேன். சாக்கைக் கொட்டிக் காட்டினார், இரண்டு சாராயப் போத்தல், ஒரு கட்டு ஆங்கிலப் பத்திரிகை, ஒரு கால் உடைந்த கதிரை. எந்த வீட்டில் எடுத்தார் என்பதும் நினைவில்லை.

ஆக என்னிடம் இருந்தது அட்டை மட்டும். தட்டு இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? வாசிப்பான். பின்பக்கத்தை வாசித்தேன். கீழ்ப்பாதியை இராமபாணப் பூச்சி தின்று சல்லடையாக்கியிருந்தது, மேலே பாட்டுகளின் பட்டியலும் வாசித்தவர்களின் பெயர்களும் மிஞ்சியிருந்தன. ஹப்பார்ட் ட்ரம்பெட், மக்கோய் டைனர் பியானோ, சாம் ஜோன்ஸ் பாஸ், கிளிஃபோர்ட் ஜார்விஸ் டிரம்ஸ். டெனர் சாக்ஸபோன், டீனா புரூக்ஸ். டீனா! ஒரு பெண்! 1960 இல், அந்த ஆம்பிளைக் கூட்டத்துக்கு நடுவில் டெனர் சாக்ஸபோனோடு ஒரு பெண். எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். அலுவலகத்தில் ஒருவர் நம்பவில்லை, ஆதாரம் காட்டுவதற்காக அட்டையைக் கொண்டுபோய் அலுவலக அலுமாரியில் வைத்தேன், அங்கேயே கிடந்தது.

அதனால்தான் அது தப்பியது. 83 ஆடிக் கலவரத்தில் வீட்டில் இருந்த மற்றத் தட்டுகள் எல்லாம் போய்விட்டன. அதைப் பற்றிக் கதைக்க நான் இன்றைக்கு வரவில்லை. மிஞ்சியது தட்டில்லாத ஒரு அட்டையும், அதற்குள் ஜிம் ரீவ்ஸும்.

19 வருடம். 1998 இல் அக்காவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது அந்தத் தட்டை இறுவட்டாகக் கொண்டுவந்து தந்தான். “மாமா, டீனா ஆம்பிளை” என்றுதான் வீட்டுக்குள்ளேயே காலை வைத்தான். உண்மைப் பெயர் ஹரோல்ட் ஃப்ளாய்ட் புரூக்ஸ். சின்ன வயதில் ஆள் சின்னது என்று டீனி டீனி என்று கூப்பிட்டு, அது டீனாவாகிவிட்டது. எங்கள் ஊரில் ஆறடி மனிதரைச் சாகும்வரை ‘சின்னத்தம்பி’ என்று கூப்பிடுவதில்லையா, அதுபோல.

பிறகு கேட்டேன். முதல் பாட்டு, தட்டின் பெயரைக் கொண்ட பாட்டு, சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் சேர்ந்து மெட்டைச் சொல்கின்றன. ஹப்பார்டின் ட்ரம்பெட் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, ஒரே மினுக்கம். டீனா உள்ளே வந்தவுடன் சத்தம் இறங்குகிறது. அவர் கத்துவதில்லை. ஒரு வரியைத் தொடங்கி, முடியப் போகிறது என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் முடிக்காமல், அதை அப்படியே வளைத்து இன்னும் கொஞ்சத் தூரம் கொண்டுபோவார். மனதில் ஒரு துக்கம் இருக்கிறவர் அதைச் சொல்லாமல் வேறு ஏதோ கதைத்துக்கொண்டே இருப்பாரே, அந்தத் தொனி. ஜிப்சி ப்ளூ என்ற பாட்டில் அது இன்னும் வடிவாகத் தெரியும். இந்த இரண்டு மெட்டையும் எழுதியவரே டீனாதான். தட்டு ஹப்பார்டின் பெயரில், அதன் தலைப்புப் பாட்டு பக்கத்தில் நின்று வாசித்தவருடையது.

இனித்தான் கதையின் மற்றப் பக்கம். இந்தப் பதிவு நடந்து ஒரு வாரத்துக்குள் டீனா தன் பெயரில் ட்ரூ ப்ளூ என்ற தட்டைப் பதிவுசெய்தார், அதில் ஹப்பார்ட் பக்கவாத்தியம். 1958 இலிருந்து 61 வரை ப்ளூ நோட் கம்பனி டீனாவின் பெயரில் நான்கு தட்டுக்கான இசையைப் பதிவு செய்தது. அவர் உயிரோடு இருக்கும்போது வெளிவந்தது எத்தனை? ஒன்று. ட்ரூ ப்ளூ மட்டும். மற்ற மூன்றும் அலுமாரிக்குள். அதில் ஒன்று பாக் டு த ட்ராக்ஸ். அதற்கு எண் கொடுத்தாயிற்று, அட்டையும் வடிவமைத்தாயிற்று, தட்டு வரவில்லை. அட்டை இருக்கு, தட்டு இல்லை. இதை வாசித்த அன்று நான் என் அட்டையை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

61க்குப் பிறகு அவர் எந்தப் பதிவிலும் இல்லை. போதைப் பழக்கம், நோய். 1974 இல் இறந்தார், 42 வயது. இன்றைக்கு ட்ரூ ப்ளூவின் முதல் பதிப்பு ஆயிரக்கணக்கான டொலர். அவருக்கு அதில் ஒரு சதம் போகவில்லை, எனக்கு அதில் ஒரு பிரதி வாங்கவும் வழியில்லை. உங்களுடைய கைத்தொலைபேசியில் இலவசமாகக் கேட்கலாம்.

அந்த அட்டைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஆர்வம் கிடையாது, அவருக்குச் சாஸ்திரிய சங்கீதம். அவரும் என்னைப்போல அட்டையோடு மட்டும் வாழ்ந்தவர். பதிவு செய்த ரூடி வான் கெல்டர் கண் பரிசோதகர், பகலில் மூக்குக்கண்ணாடி, மற்ற நேரத்தில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு, தனிக் கலையகம் கட்டியது 1959 இல்தான். தட்டின் நடுவில் கோடு இல்லாத இடத்தைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால் ஆர்.வி.ஜி. என்று கீறியிருப்பார்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான், வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கத்தை வாசியுங்கள். எங்கள் பழைய சினிமா இசைத்தட்டுகளில் வயலின் வாசித்தவர் யார், தபேலா வாசித்தவர் யார், தேடினாலும் கிடைக்காது. ஜாஸ்காரர்கள் சின்ன எழுத்திலாவது பெயரைப் போட்டார்கள். மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஒஃப் ப்ளூ, 1959, ஜாஸே பிடிக்காதவர் வீட்டிலும் இருக்கிற தட்டு. பியானோ பில் எவன்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது பாட்டில் அவர் இல்லை, விண்டன் கெலி. அந்த ஒரு பாட்டில் அறையே கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருக்கும், காரணம் இவர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய சொந்தத் தட்டு கெலி ப்ளூ கிடைக்கும், அதே வருடம். பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. கோல்ட்ரேன் கோல்ட்ரேன்தான். ஆனால் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் பிள்ளையாரை எப்போது கும்பிடுவது?

டொரதி ஆஷ்பி. இது நிஜமாகவே பெண், இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். டெட்ராய்ட் நகரத்துக்காரி, ஜாஸில் ஹார்ப் வாசித்தவர். ஹார்ப் என்றால் எங்களுடைய யாழின் உறவு. யாழ்பாடி பரிசாகப் பெற்ற ஊர் என்று பெருமை பேசுகிற நாங்கள் யாழ் வாத்தியத்தைக் கடைசியாக எப்போது காதால் கேட்டோம்? பாடசாலைச் சின்னத்தில் பார்த்திருப்போம். 1958 இன் ஹிப் ஹார்ப்பில் புல்லாங்குழல் வாசிக்கும் ஃப்ராங்க் வெஸ்ஸுடன் இவர் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருப்பார், 1968 இன் ஆஃப்ரோ ஹார்ப்பிங்கில் அதே விரல்கள் ஆட்டம் போட வைக்கும். ஹார்ப்பைக் கனவுக் காட்சிக்குத்தான் பயன்படுத்துவார்கள், இவர் அதைக் கிற்றார் மாதிரி வெட்டி வெட்டி வாசிப்பார்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். டியூக் எலிங்டன் 1963 இல் தன் இசைக்குழுவோடு இந்தியா, இலங்கை எல்லாம் சுற்றினார். அந்தப் பயணத்தின் பயனாக 1967 இல் ஃபார் ஈஸ்ட் சூட் என்று ஒரு தட்டு வந்தது. டெல்லி மைனாவுக்குப் பாட்டு இருக்கிறது, ஆக்ராவுக்கு இருக்கிறது, ஈரானின் இஸ்ஃபஹானுக்கு இருக்கிறது. கொழும்பு? இல்லை. எங்களுடைய காகமாவது அவருடைய காதில் விழுந்திருக்கக்கூடாதா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஓட்டமாகச் சொல்கிறேன். ஹெர்பி நிக்கல்ஸ், பியானோ, 1955, 56 இல் ப்ளூ நோட்டில் பதிவுசெய்தார், பிலி ஹொலிடே பாடிய லேடி சிங்ஸ் த ப்ளூஸின் மெட்டு இவருடையது, பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜோ ஹாரியட், ஜமேக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர், 1960 இல் பதிவான ஃப்ரீ ஃபோம் தட்டு, பிறகு கல்கத்தாவில் பிறந்த ஜோன் மேயருடன் இந்தோ ஜாஸ் சூட். அதைப் பற்றி அரை மணிநேரம் கதைக்க வேண்டியது, சரி, இன்னொரு முறை.

ஒரே ஒரு விண்ணப்பம், ஒரு விரல்தான் மிஞ்சியிருக்கிறது. எங்கள் ஒழுங்கைகளுக்குள் எங்கேயோ ஒரு வீட்டில் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்மஸ் அட்டை இருக்கும், அதற்குள் ப்ளூ நோட் தட்டு இருக்கக்கூடும். டிசம்பரில் அதை எடுப்பீர்கள்தானே, போடுவதற்கு முன் ஒருக்கால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த மூன்று எழுத்தும் கீறியிருந்தால் வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஜிம் ரீவ்ஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறார், ஒரு கீறலும் இல்லை, நான் ஒருநாளும் போட்டுக் கேட்கவில்லை.