நாற்காலி போட்டவன் சொல்லும் கோவில்பட்டி இலக்கியம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் கடலைமிட்டாய் ஞாபகம் வரும், அப்புறம் தீப்பெட்டி. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எழுத்தாளர்களுக்கும் அப்படி ஒரு குறியீடு கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால், எங்கள் ஊர் அதை எப்போதோ வாங்கியிருக்கும். வெறும் பெருமைப் பேச்சு இல்லை. கு. அழகிரிசாமிக்கு 1970ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருது. கி. ராஜநாராயணனுக்கு 1991. பூமணிக்கு 2014. சோ. தர்மனுக்கு 2019. நான்கு பேரின் சொந்த ஊர்களுக்கும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் காலையில் பஸ் ஏறினால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அழகிரிசாமியும் கி.ரா.வும் ஒரே ஊர் வேறு: இடைசெவல். திருநெல்வேலி ரோட்டில் போகிறவர்கள் தூங்கிவிட்டால் கவனிக்காமலே கடந்துவிடும் கிராமம். அங்கிருந்து இரண்டு அகாதெமி விருது!

நான் எழுத்தாளன் இல்லை. இந்த ஊரில் நடந்த இலக்கியக் கூட்டங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன், மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டவன், கூட்டம் முடிந்ததும் மிச்சப் புத்தகங்களை எண்ணிக் கட்டியவன். அந்த இடத்திலிருந்து தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

இந்த எழுத்தாளர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அநேகமாகப் பேராசிரியர்களே இல்லை. கி.ரா. சம்சாரி, அதாவது விவசாயி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பிற்காலத்தில் அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது வேறு கதை. பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. சோ. தர்மன் மில் தொழிலாளி. ச. தமிழ்ச்செல்வன் தபால் துறை. அவருடைய ‘வெயிலோடு போய்’ சிறுகதைதான் 2008இல் ‘பூ’ என்று படமாக வந்தது. உதயசங்கர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். கவிஞர் தேவதச்சன் நகைக்கடைக்காரர். பகலெல்லாம் தராசு, தந்தி, பஞ்சு, பதிவேடு என்று கழிந்துவிடும். எழுத்துக்கு மிஞ்சியது ராத்திரி.

அந்த ராத்திரிதான் எங்கள் ஊரின் இலக்கியப் பள்ளிக்கூடம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காந்தி மைதானத்தில் உட்கார்ந்து விடிய விடியப் பேசியதை அந்தத் தலைமுறையில் பலரும் எழுதியிருக்கிறார்கள். தேவதச்சனின் கடையும் அப்படித்தான். நகை வாங்க வந்தவர்களைவிடப் பேச வந்தவர்கள் அதிகம் என்று சொல்வார்கள். சிறுபத்திரிகைகளும் அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தன. எழுபதுகளில் ‘நீலக்குயில்’ இங்கிருந்து வந்தது, பிறகு ‘கல்குதிரை’. புதிதாக எழுத வந்த பையன் ஒருவன் கதையோடு போனால் முதலில் டீ வாங்கித் தருவார்கள். அப்புறம் கதையை வாங்கி எல்லோர் முன்னாலும் வாசித்து, வரி வரியாகப் பிரித்துப் போடுவார்கள். தாங்கினவன் எழுத்தாளன் ஆனான். தாங்காதவன் நல்ல வாசகன் ஆனான். என்னை மாதிரி சிலர் நாற்காலி போடப் போய்விட்டோம்.

இந்த வழக்கத்துக்கு மூத்தவர்கள் இடைசெவல்காரர்கள்தான். அழகிரிசாமியும் கி.ரா.வும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டு, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம், அதற்கு நடுவில் புத்தகம். அழகிரிசாமி வேலை தேடிச் சென்னைக்கும், அங்கிருந்து மலேயாவுக்குப் பத்திரிகை வேலைக்கும் போன பிறகு பேச்சு கடிதமாக மாறியது. அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. கி.ரா. கதை எழுத ஆரம்பித்ததே முப்பது வயதுக்கு மேல்தான். அதுவரை அவர் செய்ததெல்லாம் விவசாயம், விவசாயிகள் போராட்டம், பேச்சு, கேட்பு. அவருடைய ‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதை அந்த அநியாயத்தில் ஆரம்பிக்கவில்லை. பிள்ளைகள் அந்தக் கதவில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பயணம் போகிற விளையாட்டில் ஆரம்பிக்கிறது. கேட்டுப் பழகினவனுக்குத்தான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியும்.

விருதுக்கு வருகிறேன்.

அழகிரிசாமிக்கு அகாதெமி விருது கிடைத்த புத்தகம் ‘அன்பளிப்பு’. அந்தத் தலைப்புக் கதையைப் படித்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகமும் டைரியும் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர், சாரங்கன் என்கிற பையனை விட்டுவிடுகிறார். பையன் ஒன்றும் சொல்வதில்லை. கடைசியில் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரித்து, ஒரு டைரியைத் தானே எடுத்து நீட்டி, தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதித்தரச் சொல்கிறான். பரிசு என்பதன் மொத்த வேதனையும் அதில் இருக்கிறது. அந்தப் புத்தகத்துக்கு நாடு பரிசு கொடுத்தபோது வாங்கிக்கொள்ள அழகிரிசாமி இல்லை. 1970 ஜூலையில், 46 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மற்ற மூவருக்கும் விருது வந்தபோது வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது, ‘வெக்கை’ 1982இல். அந்த இரண்டு நாவல்களுக்கே கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். ‘அஞ்ஞாடி’ என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிக் கையில் கொடுத்த பிறகுதான் அகாதெமி திரும்பிப் பார்த்தது. கழுகுமலைக் கலவரமும் சிவகாசிக் கொள்ளையும் அதற்குள் இருக்கின்றன, 19ஆம் நூற்றாண்டின் கரிசல் (எங்கள் கருமண் பூமி) மொத்தமும் இருக்கிறது. புத்தகம் அந்த கனத்துக்குத் தகுதியானதுதான். ஆனால் விருது கொடுக்க எடை பார்க்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 2019இல் ‘வெக்கை’யை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் வந்ததும் புத்தகத்தைத் தேடி வந்தவர்களைப் பார்த்தேன். அதே ஊர்க்காரர்கள்தான். முப்பத்தேழு வருஷமாக அந்தப் புத்தகம் இங்கேதான் இருந்தது.

வாசகர்கள் சேர்ந்து கொடுக்கும் விருதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது பூமணிக்கு 2011இலேயே வந்துவிட்டது, அகாதெமிக்கு மூன்று வருஷம் முன்னால். தேவதச்சனுக்கு 2015இல் வந்தது. அந்த விழாவில் எனக்குப் பிடித்தது, மேடை நிகழ்ச்சிக்கு முன்னால் எழுத்தாளரை நடுவில் உட்காரவைத்து வாசகர்கள் மணிக்கணக்காகக் கேள்வி கேட்பது. படித்துவிட்டு வந்தவர்கள் கேட்கிற கேள்விகள். பொன்னாடையைவிட அது பெரிய மரியாதை. பொன்னாடையை என்ன செய்வது? ஒரு எழுத்தாளர் வீட்டில் அதைச் சோபாவுக்கு உறையாகத் தைத்துப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

உதயசங்கருக்கு 2023இல் ‘ஆதனின் பொம்மை’ நாவலுக்காகப் பால சாகித்ய புரஸ்கார், அதாவது சிறுவர் இலக்கியத்துக்கு அகாதெமி தரும் விருது, கிடைத்தது. கீழடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாவல் அது. இந்த விருதை ஊர் போதுமான அளவுக்குக் கொண்டாடவில்லை என்பது என் குறை. சிறுவர்களுக்கு எழுதுவதென்றால் சின்ன எழுத்து என்று நினைக்கிற புத்தி நம்மிடம் இன்னும் போகவில்லை.

இப்போது புத்தக நிகழ்ச்சிகள். அரசாங்கம் 2022இலிருந்து மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. அதே வருஷம் நவம்பரில் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. நல்ல காரியம். பந்தலும் பட்டிமன்றமும் கூட்டத்தைச் சேர்க்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, கையில் இருக்கும் ஐம்பது ரூபாய்க்கு எது கிடைக்கும் என்று பார்க்கிறார்கள். அந்த வரிசையைப் பார்க்கவே போகலாம். கி.ரா. 2021 மே மாதம் மறைந்தபோது கொரோனா ஊரடங்கு. புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்து இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் கட்டிவிட்டார்கள். எழுத்தாளனுக்கு அரசாங்கம் இவ்வளவு செய்வது இந்தப் பக்கத்தில் புதுசு. எட்டயபுரத்தில் பாரதிக்கு 1947இல் திறந்த மணிமண்டபம்கூட, கல்கி முன்நின்று ஜனங்களிடம் நிதி திரட்டிக் கட்டியது.

ஆனால் உள்ளூர் நூல் வெளியீட்டு விழா வேறு ஜாதி. அழைப்பிதழிலேயே இருபது பெயர் இருக்கும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை. எண்ணி வையுங்கள்: அழைப்பிதழில் பெயர் உள்ளவர்களும் அவர்களைக் கூட்டிவந்தவர்களும் போக, மீதி ஏழெட்டுப் பேர்தான் கூட்டம். வாழ்த்துகிறவர் புத்தகத்தின் அட்டை நன்றாக இருக்கிறது என்பார், தாள் நன்றாக இருக்கிறது என்பார், அதற்கு மேல் போகமாட்டார். புத்தகம் காலையில்தானே கைக்கு வந்தது. எழுதியவருக்கு ஏற்புரை வரும்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள்.

ஒரு விழாவில் சென்னையிலிருந்து வரவேண்டிய புத்தகப் பார்சலே வரவில்லை. சிறப்பு விருந்தினர் வந்தாயிற்று. புகைப்படக்காரரும் தயார். என்ன செய்வது? வீட்டு அலமாரியிலிருந்து அதே பருமனில் ஒரு புத்தகத்தை எடுத்து, கலர்த் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். விருந்தினர் ரிப்பனைப் பிரித்தார். தாளை மட்டும் பிரிக்கவேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அதை அப்படியே உயர்த்திப் பிடித்து வெளியிட, முதல் பிரதியை ஊர்ப் பிரமுகர் பெற்றுக்கொண்டார். கைதட்டல். உள்ளே இருந்தது ஒரு சமையல் புத்தகம். பிரமுகர் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். இன்று வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதாவது பிரித்துப் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1200 பிரதி. சிவகங்கையிலிருந்து கவிஞர் மீராவின் அன்னம் பதிப்பகம் கரிசல் எழுத்தாளர்களை வரிசையாகப் போட்ட காலம் அது. கி.ரா. தொகுத்த ‘கரிசல் கதைகள்’ வந்ததும் அங்கிருந்துதான். இப்போது நூறு, இருநூறு என்று தேவைக்கு அடித்துக்கொள்ளலாம். அச்சடிப்பது சுலபமாகிவிட்டது. அதனால் வாராவாரம் வெளியீட்டு விழா. விமர்சனக் கூட்டம்தான் குறைந்துபோய்விட்டது. வெளியீட்டுக்கு மண்டபம் பிடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, படித்த பத்துப் பேர் உட்கார்ந்து பேச ஒரு ஓட்டல் மாடி போதும், அதை யாரும் ஏற்பாடு செய்வதில்லை.

எப்போதாவது அப்படி ஒன்று நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வாழ்க்கையை வைத்து உள்ளூர் நண்பர் ஒருவர் எழுதிய நாவலைப் பற்றிப் பேசக் கூடினோம். மூன்று பேர் பேசினார்கள். வர்க்கம், வட்டாரம், யதார்த்தவாதம் எல்லாம் வந்துபோனது. பின்வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். மகள் வாங்கிவந்த புத்தகத்தை அவரும் படித்திருக்கிறார். எழுந்து, “அண்ணாச்சி, எல்லாஞ் சரியா எழுதியிருக்கீக. ஆனா நாப்பத்திரண்டாம் பக்கத்துல அந்தப் பிள்ள பெட்டிய ஒட்டி ஒட்டி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குதுன்னு போட்டிருக்கீகளே, அப்படி அடுக்குனா பசை காயுறதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். சாக்குல பரத்தித்தான் போடுவோம். கணக்குப்பிள்ள பார்த்தா அம்புட்டையும் கழிச்சிருவாரு” என்றார்.

கூட்டம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார், நாங்கள் கேட்டோம். கழித்த பெட்டிக்குக் கூலி உண்டா, விரலில் பசை காய்ந்து போனால் சாப்பிடும்போது என்ன செய்வீர்கள், ஆபீஸ் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று நாவலாசிரியரே கேட்டுக் கேட்டு அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தை அவர் திருத்திவிட்டார். இரண்டாம் பதிப்பில் பெட்டிகள் சாக்கில்தான் காயும். முதல் பதிப்பில் நூற்றுச் சொச்சம் பிரதிகள் இன்னும் அவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவை தீர்ந்தால்தான் இரண்டாம் பதிப்பு என்கிறார் பதிப்பாளர். வேண்டியவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நானே ஏறி எடுத்துத் தருகிறேன்.

நன்றி, வணக்கம்.