கப்பல் இருந்தது, குடியுரிமை இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மெழுகுவத்தியிலிருந்து தொடங்குகிறேன். 18ஆம் நூற்றாண்டில் சாதாரண வீடுகளில் எரிந்தது மாட்டுக்கொழுப்பு வத்தி. புகையும், நாறும், வெயிலுக்கு வளைந்துவிடும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் இருக்கும் பொருளைக் காய்ச்சி, குளிரில் உறையவிட்டு, பையில் கட்டிப் பிழிந்தால் எண்ணெய் வடிந்துவிடும். தங்கும் வெண்மெழுகில் வார்த்த வத்தியோ நாறாது, வளையாது, பளிச்சென்று எரியும். விலையும் கூடுதல்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், நியூபோர்ட் துறைமுகத்தில், இந்தத் தொழிலில் கொழித்தவர்களுள் ஒருவர் ஆரன் லோப்பஸ். போர்ச்சுக்கலின் லிஸ்பனில் யூதக் குடும்பத்தில் பிறந்தபோது வைத்த பெயர் துவார்த்தே. அங்கே ஊருக்குக் கத்தோலிக்கராக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. கத்தோலிக்க நெறியிலிருந்து விலகுபவர்களைத் தண்டித்த மதவிசாரணை மன்றத்தின் பயம். 1752இல் நியூபோர்ட் வந்து, நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்துகொண்டு ஆரன் ஆனார். அன்னா என்ற மனைவி அபிகாயில் ஆனார்.

1761இல் வத்தித் தயாரிப்பாளர்கள் கூடி, திமிங்கிலத் தலைப்பொருளுக்கு இன்ன விலைக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். யூதர், கிறிஸ்தவர் இருவருமே அதில் உண்டு. வியாபாரத்தில் பேதமே பார்க்கவில்லை!

பேதம் நீதிமன்றத்தில் இருந்தது. அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் காலனிகளில் ஏழாண்டு வாழ்ந்த யூதர் குடியுரிமை பெறலாம் என்று 1740ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டமே சொல்லியிருந்தது. லோப்பஸ் விண்ணப்பித்தார். மதச் சுதந்திரத்துக்குப் பெயர்போன ரோட் ஐலண்டின் உயர்நீதிமன்றம் 1762இல் மறுத்துவிட்டது. இது கிறிஸ்தவ மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்ற ஏற்பட்ட காலனியாம், ஜனமும் நிறைந்துவிட்டதாம். அவர் பக்கத்து மாசசூசெட்ஸுக்குப் போய், உறுதிமொழியில் கிறிஸ்தவ வாசகத்தை நீக்கச் செய்து, அதே ஆண்டு குடியுரிமை பெற்றுத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூபோர்ட்டில் யூதர்களின் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது. தெருவின் போக்குக்குச் சற்றே கோணலாக அமைந்த கட்டடம். தொழுபவர்கள் எருசலேம் இருக்கும் கிழக்கை நோக்க வேண்டும் என்பதற்காகத் தெருவைப் பொருட்படுத்தாமல் கட்டியிருக்கிறார்கள்.

லோப்பஸின் செல்வத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அவரும் மாமனார் ரிவேராவும் ஆப்பிரிக்காவுக்கு அடிமைக் கப்பல்கள் அனுப்பினார்கள். நியூபோர்ட்டின் கிறிஸ்தவ வணிகர்களும் இன்னும் பெரிய அளவில் அனுப்பினார்கள்தான். அதனால் இவர்கள் கணக்கு நேராகிவிடாது.

அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தது. 1776 டிசம்பரில் நியூபோர்ட்டைப் பிரிட்டிஷ் படை பிடித்தது. மாசசூசெட்ஸின் லெஸ்டருக்குக் குடும்பத்தோடு போன லோப்பஸ், 1782 மே மாதம் ஊர் திரும்பும் வழியில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஒரு குளத்தில் வண்டியை இறக்கினார். புதைமணல். குடும்பத்தார் கண்முன்னே மூழ்கினார்.

1790இல் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் நியூபோர்ட் யூத சபைக்குக் கடிதம் எழுதினார். மனச்சாட்சிச் சுதந்திரமும் குடியுரிமையும் எல்லோருக்கும் ஒன்றே என்றது கடிதம். அப்போது லோப்பஸ் அதே ஊர் யூதர் கல்லறைத் தோட்டத்தில் எட்டாண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தார்.