பச்சை டிக் எதை அளக்கிறது?

அவையோருக்கு வணக்கம்.

பயிற்சித் துறை மேலாளர் ஒருவர் ஆண்டறிக்கையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புப் பயிற்சியை 100-க்கு 96 பேர் முடித்து, பெயருக்கு எதிரே பச்சை டிக் வாங்கிவிட்டார்கள். கருத்துப் படிவத்தில் 5-க்கு 4.4. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் எண்ணிலிருந்து நமக்குத் தெரிவது, நினைவூட்டல் மின்னஞ்சல்கள் வேலை செய்திருக்கின்றன என்பது. இரண்டாவது எண்ணிலிருந்து தெரிவது, யாரும் பெரிதாக எரிச்சல்படவில்லை என்பது. பயிற்சி எடுத்தவர் அடுத்த வாரம் இயந்திரத்தின் முன் நின்றபோது என்ன செய்தார்? அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. வடிவமைப்பும் சரி, மதிப்பீடும் சரி, அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வாதாடத்தான் இங்கே நிற்கிறேன்.

ஆன்லைன் வகுப்பு மேலா, நேர் வகுப்பு மேலா என்ற வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே கறாராகச் சொல்லிவிட்டார்: ஊடகம் வெறும் வாகனம், மளிகை ஏற்றிவரும் லாரியால் நம் உடம்பில் சத்து கூடாதது போல, ஊடகத்தால் கற்றல் கூடாது. இன்னோர் ஆய்வாளரான ராபர்ட் கோஸ்மா இதை மறுத்தார். ஊடகத்தின் தனித்தன்மையும் கற்பவரின் சிந்தனையும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது அவர் கட்சி. அமெரிக்கக் கல்வித் துறை முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, 2010-இல் திருத்தி வெளியிட்ட அறிக்கை, இணையவழியில் படித்தவர்கள் சற்றே முன்னிலையில் இருந்ததாகவும், இரண்டும் கலந்த முறையில் அந்த முன்னிலை கூடுதலாக இருந்ததாகவும் காட்டியது. செய்தித்தாள்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. அறிக்கையோ, கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பல ஆய்வுகளில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, வித்தியாசத்துக்கு ஊடகம்தான் காரணம் என்று கொள்ளக்கூடாது என்று எச்சரித்தது. கிளார்க் சொன்னது அப்படியே சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேரத்தையும் பயிற்சியின் அளவையும் சமமாக வைக்காத ஒப்பீட்டை நம்பி முடிவெடுப்பது வீண் வேலை.

சரி, வடிவமைப்புக்கு வருவோம். சிலைடு போடுவதற்கு முன் கேள்வியை எழுதுங்கள். ஓர் உதாரணம். பராமரிப்புப் பணியாளர் இயந்திரத்தில் கை வைக்கும் முன் அதை நிறுத்த வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், பூட்டுப் போட்டு அட்டை மாட்ட வேண்டும், தேங்கியிருக்கும் ஆற்றலை வெளியேற்ற வேண்டும், பிறகு சோதித்து உறுதிசெய்ய வேண்டும். வழக்கமான குவிஸ் இப்படிக் கேட்கும்: ‘பாதுகாப்புப் பூட்டு முறை ஏன் முக்கியம்?’ விடைகளில் மூன்று அரை வரி, ஒன்று மட்டும் இரண்டு வரி. பாடத்தைப் பார்க்காதவர்கூட நீளமான விடையைத் தொட்டுவிட்டுப் போவார்.

இப்போது இதைப் பாருங்கள்: ‘பிரேக்கரை அணைத்துப் பூட்டிவிட்டீர்கள், அட்டை மாட்டிவிட்டீர்கள், தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றிவிட்டீர்கள். டெஸ்டர் பூஜ்யம் காட்டுகிறது. அடுத்து என்ன?’ தெரிவுகள் மூன்று: வேலையைத் தொடங்கலாம், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம், மின்சாரம் இருப்பது உறுதியான வேறோர் இடத்தில் டெஸ்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். மூன்றாவதுதான் விடை. பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் பூஜ்யம்தான் காட்டும். தவறான தெரிவுகள் இரண்டும் களத்தில் நாள்தோறும் நடப்பவை. அதனால்தான் அவை ஆளைச் சோதிக்கின்றன. இந்தக் கேள்வியை முதலில் எழுதிவிட்டால் பாடத்தில் எது இருக்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்பது தானாகத் தெரியும். நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லும் தொடக்க வீடியோ முதலில் வெட்டுப்படும்.

தெரிவுகள் ஏன் மூன்று? மைக்கேல் ரோட்ரிகஸ் 2005-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான தேர்வுகளுக்கு மூன்றே போதும் என்று தெரிந்தது. நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் இடத்தை நிரப்ப எழுதப்படுபவை. 100 பேரில் 5 பேர்கூடத் தொடாத தெரிவைச் செத்த தெரிவு என்றே கொள்ளலாம். ஒரு கேள்வி தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக்காட்டுகிறதா என்று அறிய, தேர்வு முடிந்ததும் மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 சதவீதத்தினரில் எத்தனை விழுக்காட்டினர் அந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொன்னார்கள், கீழே உள்ள 27 சதவீதத்தினரில் எத்தனை விழுக்காட்டினர் என்று பார்த்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். எதிர்மறை எண் வந்தால் பெரும்பாலும் விடைக்குறிப்பே தப்பு, அல்லது கேள்வி இரண்டு பொருள் தருகிறது. இருபது பேர் எழுதிய தேர்வில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒருவர் மாறினாலே எண் தாவிவிடும்.

வீடியோ பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவிக்கிடக்கிறது. பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் இணையவழிப் பாடங்கள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்க்கும் நேரத்தின் இடைநிலை 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. உடனே எல்லோரும் ஒரு மணி நேர உரையைப் பத்துத் துண்டாக நறுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆய்வு அளந்தது பார்த்த நேரத்தை. கற்ற அளவை அது அளக்கவில்லை. கென்னத் கோடிங்கர் குழுவினர் 2015-இல் ஓர் இணையவழி உளவியல் பாடத்தை ஆராய்ந்தபோது, கூடுதலாகப் பார்ப்பதையோ படிப்பதையோவிட, கூடுதலாகப் பயிற்சிகளைச் செய்வதற்குக் கற்றலோடு இருந்த தொடர்பு ஆறு மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். ஆகவே நறுக்குவதோடு நிற்காமல், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே செய்வதற்கு ஏதாவது வையுங்கள்.

திரையில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசிக்கும் குரலையும் நிறுத்துங்கள். படத்தையும் பார்த்து, எழுத்தையும் படித்து, குரலையும் கேட்கும்போது கவனம் சிதறுகிறது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். காது கேளாதவர்களுக்கும் பாடமொழியில் தடுமாறுகிறவர்களுக்கும் வசன வரி வேண்டும். அதை அவரவர் போட்டு நிறுத்தும் வசதியாகக் கொடுத்துவிடலாம்.

குவிஸ் என்றாலே மதிப்பெண் போடும் கருவி என்று நினைக்கிறோம். கற்பிக்கவும் அது உதவும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் செய்த பரிசோதனையில் ஒரு குழு பாடப்பகுதியை இரண்டு முறை படித்தது; இன்னொன்று ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து இரண்டு முறை படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: 42-க்கு எதிராக 56. பாடம் முடிந்த கையோடு தேர்வு வைக்கும் வழக்கம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த நிமிடத்தில் அளந்தால் மோசமான முறைதான் வெல்லும். முக்கியமான ஐந்து கேள்விகளை ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபடி அனுப்புவதற்குச் செலவு ஏதும் பெரிதாக இல்லை.

தொழில்நுட்பக் கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தரவையே கெடுத்துவிடும். பாடமும் அதை நடத்தும் கற்றல் தளமும் தகவல் பரிமாறிக்கொள்ளும் தரமான ஸ்கார்ம் 1.2 முறையில் ‘முடித்தார்’ என்பதற்கும் ‘தேறினார்’ என்பதற்கும் ஒரே பெட்டிதான். பாடம் முதலில் ‘தேறினார்’ என்று எழுதி, கடைசிப் பக்கத்தில் ‘முடித்தார்’ என்று எழுதினால், பின்னது முன்னதை அழித்துவிடலாம். விட்ட இடத்தைக் குறித்துவைக்கும் பகுதியிலும் 4,096 எழுத்துகளுக்கு மேல் கொள்ளாது. நீண்ட பாடத்தில் அது நிரம்பியதும் கற்பவர் திரும்ப வரும்போது எங்கோ போய் நிற்பார். பாதியில் விட்டவர்களின் பட்டியலைப் பார்த்து ஊழியர்களைக் குறை சொல்லும் முன், இதைச் சோதித்துப் பாருங்கள்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-இல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைகள் உங்களுக்குத் தெரிந்தவை: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் கிடைத்ததா. பெரும்பாலோர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே முயன்று கணக்குப் போட்ட வகுப்பினர் அதிகம் கற்றார்கள்; ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். திருப்தி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பாடத்தைத் திருத்தினால் நல்ல பயிற்சிதான் முதலில் காணாமல் போகும். படிவத்தில் ‘பிடித்ததா?’ என்பதை எடுத்துவிட்டு, ‘இதை எந்த வேலையில் பயன்படுத்தப் போகிறீர்கள்? எது தடுக்கும்?’ என்று கேளுங்கள்.

முடித்தவர் விகிதம் இடத்துக்கு இடம் வேறு பொய் சொல்லும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய திறந்தநிலைப் பாடங்களில் 2017-18-இல் பதிவு செய்தவர்களில் 3.13 சதவீதத்தினர் மட்டுமே முடித்தார்கள் என்று ரைக்கும் ருயிப்பெரெஸ்-வலியென்டேயும் கணக்கிட்டார்கள். எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம். கட்டாயப் பயிற்சியிலோ விகிதம் நூறைத் தொடும், யாரும் எதையும் கற்காமலேயே.

பயிற்சிதான் மாற்றத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டுமானால் ஒப்பிட ஆள் வேண்டும். விபத்து அதிகமான ஷிப்டை மட்டும் பயிற்சிக்கு அனுப்பினால், அடுத்த மாதம் விபத்து குறையத்தான் செய்யும். உச்சத்துக்குப் போன எண் பயிற்சி இல்லாமலும் இறங்கும். எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிடாமல், எந்த ஷிப்டு முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். காத்திருக்கும் ஷிப்டு ஒப்பீட்டுக் குழுவாகிவிடும். யாருக்கும் பயிற்சி மறுக்கப்படவும் இல்லை. கணக்கில் முடித்தவர்களை மட்டும் சேர்க்காமல், பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்ட எல்லோரையும் சேருங்கள். ஆர்வமுள்ளவர்கள்தான் முடிப்பார்கள், அவர்களை மட்டும் எண்ணினால் ஆர்வத்தின் பலன் பயிற்சியின் கணக்கில் ஏறிவிடும்.

இவ்வளவும் செய்தபின் களத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று தெரிந்தால்? பாடத்தைத் திருத்த ஓடாதீர்கள். பணியாளரைத் தனியே அழைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் பாடத்தில் குறை. தடுமாறாமல் செய்தால், தெரிந்தும் ஏன் செய்யவில்லை என்று களத்துக்குப் போய்ப் பாருங்கள். மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே டெஸ்டர், அதுவும் அலுவலகப் பூட்டுக்குள் என்றால், அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் டெஸ்டர் வாங்கச் சொல்லி மதிப்பீட்டு அறிக்கையில் எழுதுங்கள்.