ரோமில் நாற்காலிக்கு விலை உண்டு, தண்ணீருக்கு இல்லை

[காட்சி: கல் பாவிய சந்து. ஓர் இரும்புக் குழாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் விழுகிறது.]

வணக்கம். இந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்கள். வளைந்த மூக்கு மாதிரி இருக்கிறதா? அதனால்தான் ரோம் மக்கள் இதை 'நசோனே' என்கிறார்கள். பெரிய மூக்கு என்று அர்த்தம். 1874-இல் வைக்க ஆரம்பித்தார்கள். இன்று நகரம் முழுக்கச் சுமார் 2,500 குழாய்கள் இருக்கின்றன. வருவது நல்ல குடிநீர், காசு கிடையாது. மூக்கின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு. கீழே விரலை வைத்து அடைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே பீய்ச்சும், குனிந்து கஷ்டப்படாமல் குடிக்கலாம். ஊரிலிருந்து ஒரு காலி பாட்டில் எடுத்துப் போனால் போதும், தண்ணீர்ச் செலவு முடிந்தது.

மூன்று இரவு, இரண்டு பேர் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். விமானத்துக்கும் அறைக்கும் விலை பார்க்க எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் நாட்களை விட்டுவிட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறை வாடகை இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ரோமில் காசு கரைவது வேறு இடத்தில். ஊர் வழக்கம் தெரியாமல் உட்காரும்போதும், அவசரப்படும்போதும்.

[காட்சி: விமான நிலைய ரயில் நிலையம்]

முதல் அவசரம் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலேயே வந்துவிடும். 'லியோனார்டோ எக்ஸ்பிரஸ்' பலகைதான் முதலில் கண்ணில் படும். ஊரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. அதே நிலையத்திலிருந்து எஃப்எல்1 என்ற சாதாரண ரயிலும் போகிறது, 8 யூரோ. அது டெர்மினிக்குப் போகாது. திராஸ்தேவெரே, ஓஸ்தியென்சே வழியாகப் போகும். திராஸ்தேவெரே பக்கம் அறை எடுத்திருந்தால், இரண்டு பேருக்குப் போகவர 24 யூரோ மிச்சம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். மறந்தால் அபராதம், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

ஊருக்குள் 1.50 யூரோ டிக்கெட் ஒன்று 100 நிமிடம் செல்லும். பேருந்து, டிராம் எத்தனை மாறினாலும் சரி, மெட்ரோவில் மட்டும் ஒரே பயணம். ஆனால் பழைய நகரத்தில் அதுவும் அதிகம் தேவைப்படாது. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியோனிலிருந்து திரேவி நீரூற்றுக்குப் பத்து நிமிட நடை.

அறைக்கு இணையத்தில் முழுப்பணம் கட்டியிருந்தாலும் நகர வரியைத் தனியாகக் கேட்பார்கள். மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. நம் கணக்கில் 36. பதறாதீர்கள், அது முறையான வரிதான். முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

[காட்சி: காபிக் கடை. நின்றபடி குடிக்கும் மக்கள்.]

சரி, நாற்காலிக்கு வருவோம். இத்தாலியில் 'பார்' என்றால் முதலில் காபிக் கடை. காலையில் உள்ளே போனால் உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் காபி கொடுக்கும் மேடை ஓரமாக நின்றுதான் குடிப்பார்கள். அங்கே எஸ்பிரெசோ ஒன்றரை யூரோவுக்குள் கிடைக்கும். அதே காபியை வெளியே மேசையில் உட்கார்ந்து கேட்டால் விலை வேறு. நவோனா சதுக்கம் மாதிரி இடங்களில் பல மடங்கு ஆகும். இது ஏமாற்று இல்லை. விலைப்பட்டியலில் இரண்டு விலையும் தனித்தனியாகவே இருக்கும், நாம்தான் பார்ப்பதில்லை. பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதை மேடையில் காட்ட வேண்டும்.

ஸ்பானியப் படிக்கட்டில் சும்மா உட்காரலாமே என்றால், அதுவும் கூடாது. 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம்.

சாப்பாட்டுக்கு 'பிட்சா அல் தாலியோ' கடைகளைத் தேடுங்கள். நீளமான தட்டுகளில் இருக்கும் பிட்சாவை நாம் காட்டுகிற அளவுக்கு வெட்டி, எடை போட்டு விற்பார்கள். பலகையில் இருப்பது கிலோ விலை, அல்லது 'எத்தோ' விலை. ஓர் எத்தோ 100 கிராம். சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பாஸ்தாவில் போடும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியைக் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பார்கள். அது வேண்டாம் என்பவர்கள் மரினாரா பிட்சா கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய், அவ்வளவே. உணவகத்தில் கேட்காமல் வரும் ரொட்டிக்கும் பில்லில் காசு ஏறும். வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

[காட்சி: இருண்ட தேவாலயம். விளக்கு எரிய, ஓவியம் தெரிகிறது.]

இனி நான் மனதாரச் சொல்ல விரும்பும் இடம். நவோனா சதுக்கத்துக்கும் பாந்தியோனுக்கும் நடுவில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி என்ற தேவாலயம். கட்டணம் இல்லை. உள்ளே இடது ஓரத்தின் கடைசிச் சிற்றாலயத்தில் இத்தாலிய ஓவியர் கராவாஜோவின் மூன்று பெரிய ஓவியங்கள், 400 ஆண்டுகளுக்கு முன் எந்தச் சுவருக்காக வரைந்தாரோ அதே சுவரில். ஒன்றில் வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணுகிறார்கள். வலப்பக்கமிருந்து ஏசு கை நீட்டி அவர்களில் ஒருவரான மத்தேயுவை அழைக்கிறார், அவர் கையோடு சேர்ந்து ஒளியும் உள்ளே வருகிறது. ஓர் இளைஞன் நிமிரவே இல்லை, கண்ணெல்லாம் காசில். சிற்றாலயம் இருட்டாக இருந்தால் பக்கத்துப் பெட்டியில் நாணயம் போடுங்கள், விளக்கு எரியும். அந்த நாணயத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் சான்தகொஸ்தீனோ தேவாலயத்தில் இன்னொரு கராவாஜோ. மாதாவின் முன் மண்டியிட்ட ஏழை யாத்திரிகர், அழுக்குப் படிந்த பாதம் நம் முகத்துக்கு நேராக. சாந்த மரியா தெல் போபொலோவில் மேலும் இரண்டு. கொலோசியம் பக்கம் சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. எதற்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. மதியத்தில் பல தேவாலயங்களைச் சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

காசு கொடுத்துப் பார்க்க ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றால், கொலோசியம் என்பேன். 18 யூரோ டிக்கெட்டிலேயே ரோமன் ஃபோரமும் பலத்தீன் குன்றும் அடக்கம். அதிகாரப்பூர்வத் தளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள், அவசரத்தில் இடைத்தரகரிடம் போனால் விலை ஏறிவிடும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களும், கடைசி ஞாயிறு காலை வத்திக்கான் அருங்காட்சியகமும் இலவசம்தான். ஆனால் மூன்றே நாள் கையில் இருப்பவர் அந்த வரிசையில் அரை நாளைத் தொலைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 5 யூரோ பாந்தியோனுக்கு வேண்டுமானால் அந்த முதல் ஞாயிறைப் பயன்படுத்தலாம்.

[காட்சி: குன்றின் மேலிருந்து ரோம்]

அப்புறம் ஜனிகோலோ குன்று. திராஸ்தேவெரேயிலிருந்து நடந்தே ஏறலாம். மேலே மதில் ஓரம் நின்றால் ஊர் முழுக்கக் கோபுரங்களாகத் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். தினமும் அந்த நேரத்துக்கு மதிலுக்குக் கீழே பீரங்கி ஒன்றை வெடிப்பார்கள், ரோம் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைச் சரிபார்த்தது. காதைப் பொத்திக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கூட இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள்.